மாமியாரின் கறுப்பு

என் கணவர் முதல் தடவை பச்சையாகத்தான் வந்தார்.

மகள் பள்ளியில் படித்த காலத்தில் வாங்கிய பிரிண்டர் அது. கறுப்பு வெள்ளைப் படம் என்றுதான் அதற்குச் சொன்னேன். ஹால் ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தால் கன்னம் இரண்டிலும் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை. சன்னலோரம் கொண்டுபோனால் அதே படம் கத்திரிக்காய் நிறத்துக்குத் தாவியது. அவர் சோபாவில் உட்கார்ந்தபடியே இரண்டையும் வேடிக்கை பார்த்தார்.

"அங்க பாகக்கா, இங்க கத்திரிக்கா. மதியத்துக்கு என்னையே கொழம்பு வைக்கப் போறியா?" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மாத்திரையின் நிறம் கொஞ்சம் மாறினாலே டப்பாவை ஒதுக்கி வைத்துப் பழகிய கண். ஓய்வுக்குப் பிறகு சமூக மன்றத்தில் புகைப்பட வகுப்பில் சேர்ந்தேன். கேட்டவர்களிடம் கறுப்பு வெள்ளையில் ஆசை வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு படம் என்றாவது ஒரு நாள் என் கைக்கு வந்து சேரும், அன்றைக்கு எனக்கு அச்சடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு நப்பாசை. அது என் மாமியாரின் படம்.

என் கணவருக்கு அவருடைய அம்மாவின் முகம் நினைவில் இல்லை. மலேசியாவில், ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்குப் பேச்சு சரியாக வரும் முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். பிறகு அவரை இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்தது அவருடைய அண்ணன். என் மூத்தார். அப்போது மூத்தாருக்கே பள்ளிக்கூடம் போகிற வயது. அம்மா அடையாள அட்டைக்காக எடுத்த படத்தில் கூடுதலாகக் கழுவிய பிரதிகள் இரண்டு வீட்டில் இருந்தன. ஒன்றைப் பெரிதாக்கித் தரச் சொல்லி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தார்கள். வந்தது வெள்ளைவெளேரென்று, உதட்டில் ரோஸ் சாயம் பூசிய யாரோ ஒரு பெண்மணி. கொடுத்த பிரதியைக் கேட்டால், தொலைந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மீதி இருந்த ஒன்றை மூத்தார் அலமாரியில் வைத்துப் பூட்டினார். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும் அந்தப் படம்.

என் கணவர் வாலிபத்தில் சிங்கப்பூருக்கு வந்து, இங்கேயே பஸ் ஓட்டி, இங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டார். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இருந்தது. மூத்தாரின் மகள் கல்யாணத்தின்போதுதான் எல்லாம் கெட்டது. அந்தப் படத்தைக் கொடுங்கள், ஒரு பிரதி எடுத்துக்கொண்டு தருகிறேன் என்று இவர் கேட்டார். வீட்டைவிட்டு அது வெளியே போகாது என்றார் மூத்தார்.

"அம்மா உங்களுக்கு மட்டும்தான் அம்மாவா?" என்று இவர் கேட்டுவிட்டார்.

"உனக்கு அவங்களப் பத்தி என்னடா ஞாபகம் இருக்கு?" என்றார் மூத்தார்.

இவர் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார். கல்யாண வீட்டில் கூடப் பிறந்தவன் பந்தியில் உட்காராமல் போனால் அது எவ்வளவு பெரிய அவமானம் என்று சொல்ல வேண்டியதில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் மூத்தார் பின்னாலேயே வந்தார், சமாதானம் செய்ய வருகிறார் என்று நினைத்தேன். "இனி உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். சாவுக்குக்கூட வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அதோடு சரி, வருடக்கணக்கில் பேச்சு இல்லை. நடுவில் மூத்தாரின் அந்த மகள் இவரைக் கூப்பிட்டு, சித்தப்பா, நான் ரகசியமாக ஃபோனில் படம் பிடித்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். "எங்கம்மாவ நான் திருட்டுத்தனமாப் பாக்கணுமா?" என்று இவர் மறுத்துவிட்டார். அண்ணனுக்குத் தம்பி சளைத்தவர் இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் மூத்தார் சின்ன வயதிலிருந்தே சொல்லி வந்திருக்கிறார். உனக்கு அப்படியே அம்மா ஜாடை என்று. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். இந்த முகத்தைச் சரியாக அச்சடிக்கப் பழகிவிட்டால் அந்த முகத்தையும் சரியாக அச்சடிக்கலாம். தவிர, என் கணவர் முகம் பரிசோதனைக்கென்றே படைத்தது. நல்ல கறுப்பு மேனி, வெள்ளை மீசை, நடுவில் எல்லாவிதச் சாம்பலும் இருக்கிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சன்னலோரம் அசையாமல் உட்கார்ந்து கொடுப்பார், கையில் காப்பி இருந்தால்.

பச்சைக்குக் காரணம் வகுப்பில் கேட்டபோது புரிந்தது. சாதாரணப் பிரிண்டர் சாம்பல் நிறத்தைக் கறுப்பு மையால் மட்டும் உண்டாக்குவதில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் பொடிப்பொடியாகத் தெளித்து, இதுதான் சாம்பல் என்று நம் கண்ணை ஏமாற்றுகிறது. வெளிச்சம் மாறினால் மூன்றில் ஏதாவது ஒன்று தலையைத் தூக்கும். கறுப்பு வெள்ளைக்கு வேண்டியது ஒரே கறுப்பின் பல தரங்கள். கட்டிக் கறுப்பு, அதில் கொஞ்சம் நீர்த்தது, இன்னும் நீர்த்தது, கடைசியில் அரிசி கழுவிய தண்ணீர் போல் ஒன்று. இவற்றை மட்டும் வைத்து அச்சடித்தால் எந்த விளக்கின் கீழும் முகம் நிறம் மாறாது.

இந்த மைக்காகத் தேக்காவுக்கு நடந்தேன். வாரா வாரம் மீனும் கறிவேப்பிலையும் வாங்கப் போகிற இடம்தானே. சந்தைக்குப் பின்னால், நகைக்கடைக்கும் ஃபோன் கடைக்கும் நடுவே, பிரிண்டர் மை விற்கும் ஒரு பாய் இருந்தார். அவருடைய தாத்தா காலத்தில் அதே கடையில் பேனா மை விற்றார்களாம்.

"அக்கா, எல்லாம் ப்ளாக்தான். எது வாங்கினாலும் சேம் சேம் லா" என்றார் முதல் நாள்.

"எது வாங்கினாலும் ஒண்ணுன்னா எதுக்கு பாய் இத்தனை பாட்டில் அடுக்கி வச்சிருக்கீங்க?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கிற மையை எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தார், படம் அடித்தால் கொண்டுவந்து காட்டச் சொன்னார். சாயத்தில் செய்த மை வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். பளபளவென்று இருக்கும், ஆனால் எங்கள் ஹாலில் சாயங்கால வெயில் நேராகச் சுவரில் விழும்; சில வருடத்தில் வெளிறிப்போகும். துகளில் செய்த மைதான் நிற்கும். அதிலும் இரண்டு வகையில் மனம் ஊசலாடியது. ஒன்று, சுத்தமான கரியில் செய்தது. இயல்பாகவே லேசாகப் பழுப்பு ஓடும், வறுத்த காப்பிக்கொட்டையை நினைவுபடுத்தும். மற்றது, அந்தப் பழுப்பு தெரியாதபடி துளி நீலம் சேர்த்துச் சமன் செய்தது. இரண்டையும் போட்டுப் பார்க்கப் பழைய பிரிண்டர் போதாது என்று, வீடு மாறிப் போகிற ஒருவரிடமிருந்து மைக்குழிகள் நிறைய உள்ள ஒரு பெரிய பிரிண்டரை வாங்கி வந்தோம். அது சும்மா இருந்தாலே அடைத்துக்கொள்ளும். அடைப்பெடுக்கிறேன் என்று பாதி மையைக் குடித்துத் தீர்க்கும். "எங்க டிப்போவுல ஒருத்தன் இப்படித்தான் இருந்தான்" என்றார் என் கணவர்.

சமையலறைக்கு வெளியே துணி காயப்போடும் கம்பில் கிளிப் போட்டு அவரை வரிசையாகத் தொங்கவிட்டேன். ஒரு வரிசை பழுப்பு, ஒரு வரிசை சாம்பல். ட்யூப் லைட்டில் பார்த்தால் எனக்குச் சாம்பல் வரிசை பிடித்தது. சாயங்காலத்தில் பழுப்பு பிடித்தது. யாருடைய முகத்துக்காக இத்தனை பாடுபடுகிறேனோ அவரை நான் பார்த்ததே இல்லை, அதனால் எது சரி என்று தீர்மானிக்க முடியவில்லை.

ஒரு விளக்கில் மட்டும் சோதிக்காமல் இருந்தேன். மாமியார் படம் என்றால் அதன் முன் காமாட்சி விளக்கு எரியும். அந்த மஞ்சள் சுடரில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள், கரிமை எப்படித் தெரியும்? ஒரு சனிக்கிழமை காலை இவர் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தபோது, இவருடைய பெரிய படம் ஒன்றைச் சட்டத்தில் போட்டு, ஹாலில் சின்ன மேசைமேல் சாய்த்து வைத்து, முன்னால் விளக்கை ஏற்றினேன். சன்னல் திரையை இழுத்துவிட்டேன். சுடர் மேலே பட்டதும் அந்தப் பழுப்பு உயிர் பெற்றது. கன்னத்து எலும்பு, மீசையின் ஒவ்வொரு முடி, கண்ணுக்குக் கீழே இருக்கிற மடிப்பு எல்லாம் தெரிந்தது. இத்தனை மாதம் பாடுபட்டதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. ஃபோனில் அதைப் படம் பிடித்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். பாய் பார்க்கட்டும், வகுப்பில் இருப்பவர்கள் பார்க்கட்டும். ஒரு வார்த்தை எழுதவில்லை. படமே பேசும் என்று நினைத்தேன். பிறகு ஃபோனைச் சத்தமில்லாமல் வைத்துப் படுக்கையறையில் சார்ஜ் போட்டுவிட்டு அடுத்த படம் அடிக்க உட்கார்ந்துவிட்டேன்.

படம் பேசத்தான் செய்தது. நம்மில் யாராவது ஓர் ஆணின் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சட்டம் போட்டு, முன்னால் விளக்கு வைத்து, பேச்சு மூச்சில்லாமல் ஸ்டேட்டஸில் போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மை மையென்று கிடந்த எனக்கு மட்டும்தான் அன்றைக்கு அது தோன்றவில்லை.

கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த காப்பியை விரலில் தொங்கவிட்டபடி இவர் வந்தார். மேசைமேல் இருந்த விளக்கையும் தன் படத்தையும் பார்த்தார்.

"யாரு இவரு? நல்ல மனுசரா?"

"சுமாரு" என்றேன்.

சொல்லிவிட்டு ஃபோனை எடுக்கப் போனேன். திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். பாதிக்கு மேல் சுவா சூ காங்கில் இருக்கும் இவருடைய சித்தி மகள். கூப்பிட்டேன். எடுத்ததும் அழுகைச் சத்தம்.

"அண்ணி, எப்படி அண்ணி? நேத்துக்கூட நல்லா இருந்தாரே."

"யாரு?"

"சின்னண்ணன்தான் அண்ணி."

"இங்கதானம்மா காப்பி குடிச்சிட்டு இருக்காரு."

உடனே வந்தது திட்டு. அத்தனையும் எனக்கு வேண்டியதுதான். "விளக்கு வச்சுப் படம் போடுவாங்களா அண்ணி? ஃபோனும் எடுக்கல. சாவு வீட்டுல யாரு ஃபோன் எடுப்பாங்கன்னு நானே நெனைச்சுக்கிட்டேன்." அழுது, திட்டி, மூக்கை உறிஞ்சி முடித்த பிறகு, குரல் தாழ்ந்தது. "அண்ணி, பெரியண்ணனுக்குச் சொல்லிட்டேன். அவரு அப்பவே கெளம்பிட்டாரு. திரும்பத் திரும்ப அடிக்கிறேன், லைன் போகல."

போகாது. கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம் மூத்தாரின் ஃபோன் வேலை செய்யாது. வெளிநாட்டு அழைப்புக்கெல்லாம் காசு கட்டுகிற ஆள் இல்லை அவர்.

இவரிடம் வந்து சொன்னேன். முதலில் சிரித்தவர், அண்ணன் கிளம்பிவிட்டார் என்றதும் சிரிப்பை நிறுத்தினார். காப்பியை மேசையில் வைத்தார்.

"சாவுக்குக்கூட வர மாட்டேன்னாரே" என்றார்.

மூத்தாருக்கு எழுபது தாண்டிவிட்டது, ரத்த அழுத்தம் உண்டு. தம்பி செத்துப்போனான் என்று நினைத்துக்கொண்டு எல்லையில், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார். கதவைத் திறந்ததும் தம்பி எதிரே நின்றால் என்ன ஆகும்? கீழே போய் உட்கார்ந்திருக்கிறேன், தூரத்திலிருந்தே பார்க்கட்டும் என்றார் இவர். நடைப்பயிற்சிச் சட்டையைக் கழற்றிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை எடுத்து மாட்டினார். விளக்கை மலையேற்றிவிட்டு நானும் கூடவே இறங்கினேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில் இவர் உட்கார்ந்தார். நான் லிஃப்ட் பக்கம் நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காத்திருந்த நேரம் முழுக்க இவர் அந்தக் கட்டங்களைக் கைவிரலால் தடவியபடியே இருந்தார்.

மூத்தார் பஸ் நிறுத்தத்திலிருந்து வேகவேகமாக வந்தார். வெள்ளைச் சட்டை, நெஞ்சோடு அணைத்த ஒரு பிளாஸ்டிக் பை. என் கல்யாணத்தில் பார்த்த ஆளில் பாதிதான் இருந்தார். கீழ்த்தளத்துக்குள் நுழைந்ததும் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். சாவு விழுந்தால் புளோக்குக்குக் கீழே போடுகிற கூடாரத்தைத் தேடுகிறார் என்று புரிந்தது. நாற்காலி அடுக்கவில்லை, ஆட்கள் இல்லை, பறைச்சத்தம் இல்லை. பிறகு கல்மேசையைப் பார்த்தார்.

இவர் எழுந்து நின்றார். மூத்தார் நெருங்கி வந்து, இவருடைய கையை முழங்கைக்கு மேலே பிடித்து, சந்தையில் காய் வாங்குகிற மாதிரி அமுக்கிப் பார்த்தார்.

"சூடா இருக்கே" என்றார்.

"உயிரோடதாண்ணே இருக்கேன்."

மூத்தார் கல்லிருக்கையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மூத்தார் கேட்டார்: "சாப்பிட்டியாடா?"

நான் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "ஏம்மா, உசுரோட இருக்கிறவனுக்கு வெளக்கு வைப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். மை பற்றிச் சொல்ல வாயெடுத்தவள், லிஃப்ட் பொத்தானை அமுக்கினேன்.

வீட்டு வாசலில் அவர் தயங்கினார். சாவுக்கென்று புறப்பட்டு வந்த காலோடு நல்ல வீட்டுக்குள் நுழைவதா என்றார். நான் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்தேன். நடைபாதையிலேயே காலில் ஊற்றிக்கொண்டு, மிதிக்க மாட்டேன் என்ற வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

தோசை ஊற்றிக் கொடுத்தேன். இருவரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும்தான் பையைத் திறந்தார். மடிப்புக் கலையாத புது வேட்டி ஒன்று. கோடி. இறந்தவருக்குப் போர்த்துவதற்கு.

"நல்ல வேட்டியா இருக்கே. தீபாவளிக்குக் கட்டிக்கிறேன்" என்றார் இவர்.

மூத்தார் சிரிக்கவில்லை. வேட்டி மடிப்புக்குள்ளிருந்து இரண்டு அட்டைத்துண்டுகளை எடுத்தார். நடுவில் அந்தப் படம் இருந்தது.

"உன்கூட வச்சு அனுப்பலாம்னு எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் கேட்டேன்: "எரிஞ்சு போயிருக்குமே மாமா. இது ஒண்ணுதானே இருக்கு?"

"அவன்தான் கேட்டான். கேட்டப்ப நான் குடுக்கல."

என் கணவர் எழுந்து சன்னல் பக்கம் போய்விட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

படத்தை ஸ்கேனரில் வைக்கக் கேட்டேன். மூத்தார் தானே கொண்டுவந்து கண்ணாடிமேல் வைத்து, மூடியின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். படம் இந்த அறையைவிட்டு வெளியே போகாது மாமா என்றேன். போகட்டும் போகட்டும் என்றார், கையை எடுக்காமல்.

முதலில் சமன் செய்த சாம்பல் மையில் அடித்தேன். நேர்த்தியான படம். வகுப்பில் கொடுத்தால் பாராட்டுவார்கள். மூத்தார் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது யாரோ ஆபீசுக்குப் போறவங்க மாதிரி இருக்கும்மா." மையை மாற்றி, கரிமையில் அடித்தேன். சன்னல் பக்கம் கொண்டுபோனார், கண்ணைச் சுருக்கினார். "கிட்ட வந்துட்டாங்க. ஆனா இவ்ளோ வெளுப்பு இல்ல."

அங்கேதான் என் கண் திறந்தது. விவரம் தெரிய வேண்டும் என்று நான் முகத்தை வெளுக்க வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் பெயின்ட்டால் செய்ததை நான் கணினியில் செய்திருக்கிறேன்.

"எங்கம்மா நல்ல கறுப்பு" என்றார் மூத்தார். "தூரத்துல வந்தாங்கன்னா மொதல்ல மூக்குத்திதான் தெரியும்."

கணினியில் முகத்தின் நிழல்களை இன்னும் இருட்டாக இறக்கினேன். முகம் இறங்க இறங்க மூத்தார் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். எனக்குப் பயம், இன்னும் இறக்கினால் முகமும் புடவையும் பின்திரையும் ஒரே கட்டியாகிவிடும். கரிமையின் தரங்கள் அத்தனையும் அங்கேதான் வேலை செய்தன. கறுப்புக்குள்ளேயே கறுப்பைப் பிரித்துக் காட்டின. தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. நெற்றி, கண், மூக்குத்தி, என் கணவரின் அதே கன்னத்து எலும்பு.

"இதான். இவங்கதான்" என்றார் மூத்தார்.

இவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பழக்க தோஷத்தில் படத்தின் இருட்டு மூலைகளைச் சோதித்தேன், மை சரியாக இறங்கியிருக்கிறதா என்று. இடது ஓரத்தில், தோளுக்குக் கீழே, புடவைமேல் ஒரு கறை. சின்னப் படத்திலும் அது இருந்தது; காலத்தில் வந்த அழுக்கு என்று நினைத்திருந்தேன். இப்போது அதில் விரல்கள் தெரிந்தன. ஒரு குழந்தையின் கை முந்தானையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. மணிக்கட்டோடு படம் முடிந்துவிட்டது.

"இது என்ன மாமா?" என்று காட்டினேன்.

மூத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். குனிந்தார். நிமிரும்போது அவர் முகமே மாறியிருந்தது.

"இவன்தான். போட்டோ எடுக்கணும், புள்ளையத் தூக்கிக்கன்னு அம்மா எங்கிட்ட குடுத்தாங்க. நான் பக்கத்துல இவனத் தூக்கிட்டு நிக்கிறேன். இவன் முந்தானைய விடவே இல்ல, அழுகைன்னா அப்படி ஒரு அழுகை. போட்டோக்காரரு போதும்னு அப்படியே எடுத்துட்டாரு." படத்தின் ஓரத்துக்கு வெளியே, வெறும் மேசையில், விரலை வைத்தார். "நான் இங்க நிக்கிறேன்."

பிறகு இவரைப் பார்த்தார். "உனக்கு என்ன ஞாபகம் இருக்குன்னு கேட்டேன்ல. தப்புடா அது."

இவர் அந்தக் கையின்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார்.

அன்று மாலை இரண்டாவது பிரதி ஒன்றும் அடித்தேன். மை தீரும் நிலையில் இருந்தது, அந்தக் குடிகாரப் பிரிண்டர் அன்றைக்கு ஒரு தரம்கூட அடைத்துக்கொள்ளவில்லை. அதற்கும், தேக்கா பாய்க்கும், என்னை அலையவிட்ட அந்தப் பச்சை முகத்துக்கும் மனதுக்குள் நன்றி சொன்னேன். என் அசட்டு ஸ்டேட்டஸுக்குக்கூடச் சொன்னேன்.

புறப்படும்போது மூத்தார் அட்டைத்துண்டுகளை இவரிடம் நீட்டினார். ஒரிஜினலை நீ வைத்துக்கொள், எனக்குப் பெரிய படம் போதும் என்றார். இவர் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு தடவை பார்த்துவிட்டு, திரும்ப அண்ணன் பைக்குள்ளேயே வைத்தார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்ணே. பாக்கணும்னு தோணினா நான் அங்க வர்றேன்."

லிஃப்ட் வரைக்கும் போனோம். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் வருகிறேன் என்று சொல்வதில்லை. திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். காலையில் அப்படிப் போவதற்கென்றுதான் அவர் புறப்பட்டு வந்திருந்தார். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே போனவர், மூடப்போன கதவைக் கையால் தடுத்து நிறுத்தினார்.

"போயிட்டு வர்றேன்டா" என்றார். இவர் சரியென்று தலையை ஆட்டினார். அது போதவில்லை போலிருக்கிறது. கதவைப் பிடித்த கையை எடுக்காமல், இன்னொரு தடவை சொன்னார்.

"வர்றேன்."